நரகத்துக்குப் பக்கத்து ஏரி

1907-ஆம் வருஷம் ஜூலை 10. ஐஸ்லாந்துக்கு நட்டநடுவுல, மனுஷ வாடையே இல்லாத ஒரு எரிமலைப் பள்ளம். அதுக்குள்ள ஒரு ஏரி. ரெண்டு ஜெர்மன்காரங்க கான்வாஸ் துணியில செஞ்ச மடக்குப் படகை அந்த ஏரியில இறக்கிட்டுப் போறாங்க. ஒருத்தர் வால்தர் ஃபான் க்னேபெல், நிலவியல் ஆராய்ச்சியாளர், வயசு சுமார் 27. இன்னொருத்தர் மாக்ஸ் ருட்லோஃப், ஓவியர். அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரையும் யாரும் பார்க்கல. உடல்கள் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.

பயணக் குறிப்புகள்ல இந்தக் கதை பெரும்பாலும் ரெண்டு வரியில முடிஞ்சுடும். "மர்மமான முறையில் மறைந்தனர்" அப்படின்னு ஒரு வாக்கியம், பக்கத்துல நீலக்கலர் ஏரியோட அழகான படம் ஒண்ணு. எனக்கு அந்த "மர்மமான" மேலதான் கொஞ்சம் கடுப்பு. நோண்ட ஆரம்பிச்சேன். நோண்டினதுல கிடைச்சதை எல்லாம் வரிசையா எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்களே :-)

முதல்ல இடம். எரிமலை பேரு அஸ்க்யா. ஐஸ்லாந்து மொழியில பெட்டின்னு அர்த்தம். சுத்தியும் மலை, நடுவுல அமுங்கின பள்ளம், பொருத்தமான பேருதான். இந்தப் பெட்டியைச் சுத்தி இருக்கறது ஓடௌதாஹ்ரோய்ன். (ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கினா நான் பொறுப்பில்லை.) "கொடுஞ்செயல்களின் லாவாவெளி"ன்னு மொழிபெயர்க்கலாம். 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல வெறும் உறைஞ்ச லாவா. குத்தம் பண்ணிட்டு ஊரை விட்டு ஒதுக்கப்பட்டவங்க இங்கதான் ஒளிஞ்சு வாழ்ந்தாங்கன்னு நாட்டுப்புறக் கதைகள் ஏராளம்.

இங்க ஒரு விசித்திரம் இருக்கு. மழையும் பனியும் விழற ஊர், ஆனா இது பாலைவனம். காரணம், லாவா முழுக்க ஓட்டையும் விரிசலுமா இருக்கறதால விழற தண்ணி எல்லாம் நேரா கீழ இறங்கிடுது. மேல ஒரு சொட்டு தங்காது. தண்ணி தங்காட்டி புல்லு முளைக்காது. புல்லு இல்லாட்டி குதிரை நிக்க முடியாது. 1907-ல அந்தத் தீவுல பயணம்னாலே குதிரைதான். அதனால சாமானை இறக்கி வச்சுட்டுக் குதிரைகளைத் திருப்பி அனுப்பிடணும். அடுத்த தடவை அதுங்க வர்ற வரைக்கும் நீங்களும் கூடாரமும் மட்டும்தான். இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

அடுத்தது ஏரி. இந்தக் கதையில முக்கியமான பாத்திரமே அதுதான்.

1875 மார்ச் 28, 29 தேதிகள்ல அஸ்க்யா வெடிச்சுது. கிழக்கு ஐஸ்லாந்து முழுக்கச் சாம்பலும் நுரைக்கல்லும் கொட்டி மேய்ச்சல் நிலம் மூடிப்போச்சு. சாம்பல் காத்துல போய் நார்வே, ஸ்வீடன் வரைக்கும் விழுந்தது. பண்ணைகளைக் கைவிட்டுட்டு நிறைய குடும்பங்கள் வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாங்க. கனடாவுல மானிடோபா பக்கம் இன்னிக்கும் ஐஸ்லாந்து வம்சாவளி ஊர்கள் இருக்குன்னா, அதுக்கு இந்த எரிமலையும் ஒரு காரணம்.

வெடிப்பு முடிஞ்சதும் கதை முடியல. அடியில இருந்த பாறைக்குழம்பு வெளிய போனதால மேல இருந்த தரைக்கு முட்டு இல்லாம போச்சு. தரை இறங்க ஆரம்பிச்சுது. எரிமலைன்னாலே ஒரே ராத்திரியில எல்லாம் நடந்து முடிஞ்சுடும்னு நினைப்போம் இல்லையா? இங்க அப்படி இல்ல. 1876-ல டேனிஷ் குழு வரைஞ்ச வரைபடத்துல பள்ளமும் சின்னது, அதுக்குள்ள இருக்கற தண்ணியும் சின்னது. பின்னால வந்தவங்க ஒவ்வொருத்தரோட வரைபடத்துலயும் பள்ளம் பெருசாகிட்டே போகுது. கரை விரிசல் விட்டு, சரிஞ்சு, உள்ள விழுந்து, கூடவே தண்ணியும் ஏறி, முப்பது வருஷத்துக்கும் மேல இது நடந்திருக்கு. இன்னிக்கு அந்த ஏரி சுமார் 11 சதுர கிலோமீட்டர், ஆழம் சுமார் 220 மீட்டர். பேரு ஓஸ்க்யுவாட்ன்.

ஏரிக்குப் பக்கத்துலயே அதே 1875-ல உண்டான குட்டிக் குழி ஒண்ணு இருக்கு. உள்ள வெதுவெதுன்னு பால் கலந்த மாதிரி தண்ணி. அதுக்குப் பேரு வீட்டி. நம்ம மொழியில வீடுன்னா முக்தின்னும் ஒரு அர்த்தம் உண்டு. அவங்க மொழியில வீட்டின்னா நரகம் :-)

இப்ப 1907-க்கு வருவோம். க்னேபெல், ருட்லோஃப் கூட மூணாவதா ஒருத்தரும் வந்திருந்தார். ஹான்ஸ் ஸ்பெத்மன், நிலவியல் மாணவர், இருபதுகளோட ஆரம்பத்துல இருந்தவர். ஜூலை 10 அன்னிக்கு அவர் ஏரிக்குப் போகல, பள்ளத்தோட இன்னொரு பக்கம் ஆராய்ச்சிக்குப் போயிட்டார். திரும்பி வந்து பார்த்தா கூடாரத்துல யாரும் இல்ல. காத்திருந்தார், வரல. தேடினார், கிடைக்கல. உதவிக்கு ஓடலாம்னா குதிரையும் இல்ல, பக்கத்துல ஊரும் இல்ல. அடுத்த குதிரைகள் வந்து சேர்ற வரைக்கும் சில நாட்கள் அந்த எரிமலைக்குள்ள தன்னந்தனியா இருந்திருக்கார். ஐஸ்லாந்து ஜூலையில ராத்திரின்னு சொல்ற அளவுக்கு இருட்டே வராது. தூக்கம் வந்திருக்குமா அந்த மனுஷனுக்கு?

அப்புறம் அக்குரேரி ஊர்ல இருந்து ஆளுங்க வந்து தேடினாங்க. பிரயோஜனம் இல்ல.

இனிமேதான் எனக்கு ரொம்ப நெருக்கமா தெரியற விஷயம் ஆரம்பிக்குது. போனவங்க மூணு பேர். திரும்பினது ஒருத்தர். சாட்சி யாரும் இல்ல, உடலும் கிடைக்கல. ஊர் வாய் சும்மா இருக்குமா? ஸ்பெத்மனே ஏதாவது பண்ணியிருப்பாரோன்னு ஒரு பேச்சு கிளம்பிடுச்சு. ஆதாரம்? ஒண்ணும் கிடையாது. அவர் உயிரோட இருந்ததுதான் அவர் மேல இருந்த ஒரே குத்தம்.

ஆணி புடுங்கற நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு இந்த நிலைமை சட்டுனு புரியும். ராத்திரி சர்வர் படுத்துடுது. லாக் ஃபைல் இருந்தா அதைப் பார்த்து என்ன ஆச்சுன்னு சொல்லிடலாம். லாக் இல்லைன்னா? "கடைசியா கை வச்சது யாரு?"ன்னுதான் முதல் கேள்வி வரும். அவன் கை வச்சதுக்கும் சர்வர் படுத்ததுக்கும் சம்பந்தம் இருக்கான்னு யாருக்கும் கவலை இல்ல. ஒரு பதில் வேணும், பக்கத்துல ஒரு ஆள் நிக்கறான், முடிஞ்சுது விசாரணை. ஸ்பெத்மன் அப்படி நின்ன ஆள். வேலை போறதோட முடியற விஷயமும் இல்ல அது, கொலைப்பழி.

இந்த வம்புப் பேச்சுக்கு நடுவுல, நேர்ல போய்ப் பார்த்துடறதுன்னு ஒருத்தர் கிளம்பினார். இனா ஃபான் கிரும்ப்கோ, க்னேபெலுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண். 1872-ல பிறந்தவங்க, அப்போ முப்பத்தஞ்சு வயசு. மலையேற்றமோ எரிமலை ஆராய்ச்சியோ அவங்க தொழில் இல்ல. 1908 கோடையில, ஹான்ஸ் ரெக்னு 22 வயசு இளம் நிலவியலாளரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு பெர்லின்ல இருந்து கிளம்பிட்டாங்க. வழிகாட்டி சிகுர்துர் சுமர்லிதாசோன்னு ஒரு ஐஸ்லாந்துக்காரர். (கடைசியில இருக்கறது நம்ம ஊர் தாசன் இல்லைங்க. அவங்க ஊர் "சோன்", அதாவது மகன்.)

குதிரை மேல நாள்கணக்கா பயணம். ஆறு கடக்கணும், மணல்புயல்ல சிக்கணும், கூர்கூரா நிக்கற லாவா மேல குதிரையைப் பதமா நடத்தணும். அந்தக் காலத்து உடுப்புல ஒரு ஜெர்மன் பெண்மணி இதை எல்லாம் பண்ணியிருக்காங்க. அஸ்க்யா போய்ச் சேர்ந்து ஏரிக்கரையைச் சல்லடை போட்டுத் தேடினாங்க. தொலைஞ்சவங்க கிடைக்கல. கல்லு மேல கல்லா அடுக்கி ஒரு நினைவுக் கல்மேடு எழுப்பிட்டுத் திரும்பினாங்க. அந்தக் கல்மேடு இன்னிக்கும் அங்க நிக்குது.

அடுத்த வருஷமே, 1909-ல, "ஈஸாஃபோல்ட்"னு அந்தப் பயணத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. துக்கத்துல போன பயணம்தான், ஆனா புத்தகமாக்கற அளவுக்கு அந்த நாட்டைக் கண்ணைத் திறந்து பார்த்திருக்காங்க.

அதே பயணத்துல இன்னொரு சாதனையும் நடந்துச்சு. அஸ்க்யாவுக்கு வடக்க ஹெர்துப்ரெய்த்னு 1,682 மீட்டர் மலை ஒண்ணு இருக்கு. தலை தட்டையா, பக்கமெல்லாம் செங்குத்தா இருக்கும். ஏறவே முடியாதுன்னு ரொம்ப காலமா நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1908 ஆகஸ்ட் 13 அன்னிக்கு ரெக்கும் சிகுர்துரும் ஏறிட்டாங்க. பதிவான முதல் ஏற்றம் அதுதான்.

இனாவும் ரெக்கும் 1912-ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கா போய் தெண்டகுருங்கற இடத்துல டைனோசர் எலும்பு தோண்டினாங்க. 1913-ல ஓல்டுவாய் பள்ளத்தாக்குல ஆராய்ச்சி பண்ணி ஒரு மனித எலும்புக்கூட்டைக் கண்டுபிடிச்சாரே ஒரு ரெக், அது இவரேதான். இனா 1942-ல காலமானாங்க. க்னேபெலுக்கு என்ன ஆச்சுங்கற கேள்விக்கு உறுதியான பதில் அவங்க வாழ்நாள்ல கிடைக்கல.

சரி, என்னதான் ஆகியிருக்கும்?

ஆரம்பத்துல இருந்தே சில ஊகங்கள் உண்டு. கான்வாஸ் படகு கிழிஞ்சிருக்கலாம். மலை இடுக்குல இருந்து திடீர்னு காத்து வீசிக் கவுத்திருக்கலாம். கரையில இருந்து பாறை சரிஞ்சு விழுந்திருக்கலாம். பனி உருகின தண்ணி, உள்ள விழுந்தா ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. மூணும் நடக்கக்கூடியதுதான். ஆனா மூணாவதைக் கேட்கறப்போ "ஏரி அவ்வளவு பெருசு, சரியா இவங்க தலை மேலயா பாறை விழும்?"னு ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்தது.

அந்தச் சந்தேகத்துக்கான பதில் 107 வருஷம் கழிச்சு வந்தது.

2014 ஜூலை 21, ராத்திரி 11 மணி 24 நிமிஷம். ஏரியோட தென்கிழக்குக் கரையில மலைச்சரிவு அப்படியே பெயர்ந்து இறங்கிச்சு. சுமார் 2 கோடி கன மீட்டர் பாறையும் மண்ணும். அதுல கணிசமான பங்கு நேரா தண்ணிக்குள்ள. அலை எழும்பி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல எதிர்க்கரையை அடிச்சுது. கரையோரத்துல பல இடங்கள்ல 20, 30 மீட்டர் உயரம் வரைக்கும், சில இடத்துல அதிகபட்சமா 80 மீட்டர் வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு. 80 மீட்டர்னா 25 மாடிக் கட்டிடத்தோட உயரம். விளிம்பைத் தாண்டி வீட்டிக்குள்ளயும் தண்ணி பாஞ்சுது. பகல்ல ஆளுங்க நடந்துபோற, படம் எடுக்கற, கால் நனைக்கற கரை அது. ராத்திரிங்கறதால யாரும் இல்ல, ஒரு உயிர்கூட போகல. சில மணிநேரம் முன்னாடி நடந்திருந்தா செய்தியே வேற மாதிரி இருந்திருக்கும்.

இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, அலை. பாறை தலை மேலதான் விழணும்னு அவசியமே இல்ல. ஏரியில எங்க விழுந்தாலும் அலை எல்லாக் கரைக்கும் போகும். 2014-ல விழுந்ததுல நூத்துல ஒரு பங்கு விழுந்தாலும், ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கற துணிப்படகு என்ன ஆகும்? பள்ளத்தோட இன்னொரு பக்கத்துல வேலையா இருக்கற ஒருத்தருக்கு எதுவும் தெரியாமலே போயிருக்கலாம்.

ரெண்டு, வயசு. 2014-ல அந்தப் பள்ளத்துக்கு 139 வயசு. 1907-ல வெறும் 32. கரை இன்னும் சரிஞ்சுக்கிட்டும் விரிசல் விட்டுக்கிட்டும் இருந்த காலம். ஓரளவு அடங்கின பிறகே 2 கோடி கன மீட்டரை உதிர்க்கற கரை, அடங்காத காலத்துல சும்மா இருந்திருக்குமா?

இதை வச்சு 1907-ல சரிவுதான் காரணம்னு தீர்ப்பு எழுதிட முடியாது. படகு கிழிஞ்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனா ரெண்டு பேரைத் தடயமில்லாம விழுங்க அந்த ஏரிக்கு எந்த மனுஷனோட கூட்டும் வேண்டியதில்லைன்னு 2014 காட்டிடுச்சு. ராத்திரி 11:24-ங்கற நேரம் நமக்கு எப்படித் தெரியும்? நில அதிர்வு மானிகள்ல பதிவாகியிருந்தது. மனுஷ சாட்சி இல்லாட்டியும் இந்தத் தடவை லாக் இருந்தது. 1907-ல அந்தப் பாலைவனத்துல பதிவு பண்ண ஒரு கருவியும் இல்ல. அந்த வெற்றிடத்துலதான் வம்பு வளர்ந்தது.

அந்த ஸ்பெத்மன் என்ன ஆனார்னு கேட்கறீங்களா? 1913-ல அஸ்க்யாவைப் பத்தியும் அதைச் சுத்தி இருக்கற மலைத்தொடரைப் பத்தியும் முழு ஆராய்ச்சி நூலே எழுதி வெளியிட்டார். கூட வந்தவங்க ரெண்டு பேரைத் தொலைச்ச, ஊர் தன்னைச் சந்தேகமா பார்த்த அதே எரிமலையைப் பத்தி, ஆறு வருஷம் உட்கார்ந்து. அவர் மேல இருந்த பழிக்கு யாராவது பதில் சொல்லணும்னா, சரியான பதில் அந்தப் புத்தகம்தான்னு எனக்குத் தோணுது. இனா நேர்ல போய்ப் பார்த்தாங்க, ஸ்பெத்மன் அளந்து எழுதினார். வம்பு பேசினவங்க ரெண்டும் பண்ணல.

அதுக்கப்புறமும் அஸ்க்யா சும்மா இருக்கல. 1920-கள்ல சில தடவை, கடைசியா 1961-ல லாவா கக்கியிருக்கு. 1965-லயும் 1967-லயும் நாசா தன்னோட விண்வெளி வீரர்களை இங்க கொண்டுவந்து பாறைகளைப் பத்திப் பாடம் எடுத்தது. 1967-ல வந்தவங்கள்ல நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருத்தர். நிலாவுக்குப் போறதுக்கு முன்னாடி பூமியில அதுக்குப் பக்கத்துல வர்ற இடம் எதுன்னு தேடினவங்களுக்கு இதுதான் கண்ணுல பட்டிருக்கு. 2021 ஆகஸ்ட்ல இருந்து தரை திரும்ப உப்ப ஆரம்பிச்சு, அரை மீட்டருக்கு மேல உயர்ந்திருக்கு. பெட்டி இன்னும் மூடல மக்களே.

போகணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஜூன் பாதிக்கு மேல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் வழி திறந்திருக்கும். நாலு சக்கரமும் இழுக்கற வண்டி வேணும், வழியில ஆறுகள் குறுக்க ஓடும், பாலம் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. வண்டி நிக்கற இடத்துல இருந்து ஏரிக்கு சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடை. ஏரியை மேல இருந்து நல்லா பாருங்க, எத்தனை படம் வேணும்னாலும் எடுங்க. தண்ணி ஓரமா இறங்கி உட்கார்ந்து கட்டுச்சோத்தைப் பிரிக்கறதை மட்டும் தவிர்த்துடுங்க. அந்தக் கல்மேடு கண்ணுல பட்டா ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க. ரெண்டு பேரு நினைவா எழுப்பினது அது. நான் போறப்போ மூணாவது ஆளையும் நினைச்சுக்கறதா இருக்கேன்.